மொட்டை மாடியில் நீரைத் தடுப்பது எது? கான்கிரீட் நீர்த்தடுப்பு பற்றிய வாதங்கள்: ஒரு மதிப்பாய்வு

கேள்வி

கான்கிரீட் தானாகவே நீரைத் தடுக்குமா, அதன் மேல் வேறொன்றைப் போட்டுத்தான் தடுக்க வேண்டுமா? நூறாண்டுக்கும் மேலாகப் பொறியாளர்களும் கொத்தனார்களும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகள் சொல்லி வருகிறார்கள். எல்லா விடைகளுக்கும் சான்றுகள் உண்டு; தோல்விகளும் உண்டு.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி மொட்டை மாடியில்தான் கூர்மை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் தளத்தின் மீது வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. ஒழுகும் மாடி தரும் தொல்லை ஓதம் ஏறிய சுவரோடு நிற்பதில்லை. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. கடைசியில் சீலிங்கிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டில் குடியிருப்பவர்களின் பாதுகாப்பு இதில் அடங்கியிருக்கிறது.

முக்கிய நிலைப்பாடுகள் எவை, அவை எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு விடையும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்காக, அந்த இடத்தின் நீரையும் வெப்பத்தையும் மனத்தில் வைத்து உருவானது. அதைப் பிறந்த இடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைக்கும்போதுதான் பெரும்பாலான பலவீனங்கள் வெளிப்படுகின்றன.

நீர் நுழையும் வழிகள்

நீர் கான்கிரீட்டுக்குள் மூன்று வகையில் புகுகிறது. முதலாவது, சிமென்ட் கல்லுக்குள் இருக்கும் மயிரிழை போன்ற நுண்துளைகள் வழியே உறிஞ்சப்படுவது. இரண்டாவது, அழுத்தத்தால் தள்ளப்படுவது. மூன்றாவது, விரிசல்கள், இணைப்புகள், சரியாக இறுகாத பகுதிகள் வழியே நேராக ஓடுவது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காததால் பல விவாதங்கள் குழம்பிப் போகின்றன. நிலத்தடியில் நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழுள்ள சுவரை நீர் இடைவிடாது அழுத்திக்கொண்டிருக்கும். மொட்டை மாடியில் தேங்குவது சில சென்டிமீட்டர் நீர்தான், அழுத்தம் அற்பம். ஆனால் அங்கே விரிசல் அசைந்துகொண்டே இருக்கிறது. கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பநிலை மாற்றத்துக்குத் தன் நீளத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது. 10 மீட்டர் நீளமுள்ள தளத்தின் வெப்பநிலை 30 டிகிரி மாறினால், தடையில்லாத நிலையில் 3 மி.மீ. அசைவு இருக்கும். சுவரும் பீமும் இந்த அசைவைத் தடுக்கும்போது, பலவீனமான இடம் பார்த்து விரிசல் விழுகிறது.

விரிசலின் அகலம் சிறிதே கூடினாலும் ஒழுக்கு பெரிதாகக் கூடும். மற்றவை மாறாதிருந்தால், நீரோட்டம் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது: 0.1 மி.மீ. விரிசல் 0.3 மி.மீ. ஆனால், அதன் வழியே ஓடக்கூடிய நீர் மூன்று மடங்கல்ல, 27 மடங்கு. ஆகவே நல்ல கான்கிரீட்டில் உள்ள ஒரே ஒரு விரிசல், சுமாரான கான்கிரீட்டின் நுண்துளைகள் எல்லாம் சேர்ந்து விடுவதைவிட அதிக நீரை விடக்கூடும்.

சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும்: பழைய விடை

ரோமானியர்கள் சுண்ணாம்போடு உடைத்த ஓட்டுத்தூளைச் சேர்த்து நீர்த்தொட்டிகளுக்குப் பூசினார்கள். சுட்ட களிமண் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து நீரிலும் இறுகும் பொருளைத் தருகிறது. நம் நாட்டில் சுர்க்கி எனப்படும் செங்கல் தூள் செய்ததும் அதே வேலைதான். சென்னையின் பெயராலேயே அறியப்பட்ட 'மெட்ராஸ் டெரஸ்' கூரையில் தேக்கு மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குறுக்காக, விளிம்பில் நிறுத்தி அடுக்கினார்கள். அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த தளம். அதற்கும் மேல் தட்டோடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்ப்பதும் வழக்கம்.

இந்தத் தளத்தின் உயிர், அதை அடிப்பதில் இருந்தது. ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை தளத்தில் பதியாமல் எகிறித் திரும்பினால்தான் இறுகியதாகக் கணக்கு. சுண்ணாம்பு மெதுவாக இறுகுவதால் சிறு அசைவுகளைத் தாங்கிக்கொள்ளும். மெல்லிய விரிசல்களில் கரைந்த சுண்ணாம்பு மீண்டும் படிந்து அடைபடுவதும் உண்டு. இந்தப் பண்பின்மீது அண்மையில் புதிய கவனம் விழுந்திருக்கிறது. ரோமானியக் கலவையைப் பின்பற்றிச் செய்த மாதிரிகளில் அரை மில்லிமீட்டர் விரிசல் இரண்டு வாரங்களில் அடைபட்டதாக, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வுக் குழு 2023இல் அறிவித்தது.

கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வந்த பிறகும் இந்த முறை தொடர்ந்தது. தமிழ்நாட்டில் தளத்தின் மேல் சராசரியாக 75 மி.மீ. கனத்துக்கு, 'வெதரிங் கோர்ஸ்' எனப்படும் இந்தச் சுண்ணாம்பு ஜல்லித் தளம் போட்டு, தட்டோடு பதிப்பது அரசுக் கட்டடங்களிலும் வீடுகளிலும் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. இது நீரைத் தடுப்பதோடு நேர் வெயிலிலிருந்தும் தளத்தைக் காத்தது. தளத்தின் வெப்ப ஏற்ற இறக்கம் குறைந்தால் விரிசலின் அசைவும் குறையும். இந்த இரண்டாவது பயனைப் பேசுவோர் குறைவு; அதன் மதிப்போ பெரிது.

குறைகளும் மெய்யானவை. ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 135 கிலோ எடை கூடுகிறது. நன்றாக நீற்றிய சுண்ணாம்பும் பொறுமையாக அடிக்கும் ஆட்களும் இன்று அரிது. ஆகவே பல இடங்களில் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் கலந்துவிடுகிறார்கள். அது விரைவில் இறுகிச் சுருங்கி வெடிக்கிறது. பெயர் பழையதாக இருந்தாலும் பண்பு வேறாகிவிடுகிறது. இன்னொரு குறை ஆழமானது. தட்டோட்டின் சந்துகள் திறந்துவிட்டால், கீழே உள்ள செங்கல் ஜல்லி நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகும் பல நாட்களுக்குத் தளத்தை ஈரமாகவே வைத்திருக்கும். கீழே மர உத்தரமும் செங்கலும் இருந்த கட்டடத்துக்காகப் பிறந்த முறை இது. கீழே இரும்புக் கம்பி இருக்கும்போது நீடித்த ஈரம் வேறு வகை ஆபத்தாகிறது.

'நல்ல கான்கிரீட்டே போதும்'

இரண்டாவது நிலைப்பாடு, நீர்த்தடுப்பைக் கான்கிரீட்டின் தரத்திலேயே தேடுகிறது. சிமென்ட்டுக்கும் நீருக்குமான விகிதம் வலிமையை நிர்ணயிப்பதை 1918இல் அமெரிக்கரான டஃப் ஏப்ரம்ஸ் முன்வைத்தார். அதே விகிதம் நீர் ஊடுருவலையும் நிர்ணயிக்கிறது என்பதைப் பின்னர் டி.சி. பவர்ஸும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். சிமென்ட்டோடு வினைபுரியத் தேவையானதற்கு மேல் ஊற்றும் நீர், வெளியேறும்போது துளைகளை விட்டுச் செல்கிறது. கான்கிரீட்டைத் தொடர்ந்து ஈரமாக வைத்திருந்தால் சிமென்ட் வளர்ந்து அந்தத் துளைகளின் தொடர்ச்சியை அறுக்கும். 1959இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, இதற்கு 0.40 விகிதத்தில் 3 நாள் போதும், 0.45இல் 7 நாள்; 0.50இல் 14 நாள், 0.60இல் ஆறு மாதம், 0.70இல் ஓராண்டு. அதற்கு மேல் போனால் எத்தனை காலம் நீராற்றினாலும் தொடர்ச்சி அறாது.

இதைக் கட்டுமான இடத்தின் அளவில் பார்ப்பது பயன் தரும். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 0.45 விகிதம் என்றால் 22.5 லிட்டர் நீர், மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. கலவை இளக்கமாக ஓட வேண்டும் என்று இன்னொரு வாளி, 10 லிட்டர், ஊற்றினால் விகிதம் 0.65 ஆகிவிடும். ஒரு வார நீராற்றலில் மூடியிருக்கக்கூடிய துளைகள் அதன் பிறகு மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். பின்னால் எத்தனை ஆயிரம் ரூபாய்க்குப் பூச்சு வாங்கினாலும் அந்த ஒரு வாளி நீர் செய்ததைத் திருப்ப முடியாது.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, வலுவூட்டிய கான்கிரீட்டுக்கு இந்த விகிதத்தின் மேல் வரம்பை லேசான சூழலில் 0.55 என்றும் கடுமையான சூழலில் 0.45 என்றும் வகுக்கிறது. சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கும் வறண்ட வெப்பத்துக்கும் 10 நாளும் நீராற்றச் சொல்கிறது. பவர்ஸின் கணக்கோடு ஒப்பிட்டால் 0.55க்கு 7 நாள் குறைவாகத் தோன்றலாம். ஆனால் இன்றைய சிமென்ட் அன்றையதைவிட நுண்மையாக அரைக்கப்பட்டது, விரைவாக வினைபுரிவது. ஆகவே பழைய எண்களை அப்படியே பொருத்துவது சரியாகாது. அவை சொல்லும் திசை மட்டும் மாறவில்லை.

இந்த வாதத்தின் வலிமை அதன் அறிவியல் அடித்தளம். அதன் பலவீனம், அது விரிசலைப் பற்றி அதிகம் பேசாதது. சிமென்ட் கூடுதலாகச் சேர்த்துச் செய்த உயர் தரக் கான்கிரீட் அதிகம் சுருங்கவும் கூடும்; வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில் தளம் போட்ட சில மணி நேரத்திலேயே மேற்பரப்பில் விரிசல் விழலாம். மேலும், வீட்டின் கான்கிரீட் தளம் முழுமையான ஒரே கல் அல்ல. மின்சாரக் குழாய்கள் அதற்குள் ஓடுகின்றன. தளத்தில் எங்கோ புகுந்த நீர் அந்தக் குழாய் வழியே போய், அறையின் நடுவே ஃபேன் பாக்ஸிலிருந்து சொட்டுவது பல வீடுகளில் காணக்கூடியது. கான்கிரீட்டின் தரம் உயர்ந்தாலும் அந்த வழி மூடாது.

கலவையில் சேர்க்கும் பொருள்கள்

மூன்றாவது விடை, கலவையிலேயே நீர்த்தடுப்புப் பொருளைச் சேர்ப்பது. சோப்பு வகைச் சேர்மங்கள் துளைகளின் உட்சுவரை நீர் ஒட்டாததாக்குகின்றன. சிமென்ட் மூட்டைக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று ஊற்றும் லிக்விடுகள் பல இவ்வகை. இவற்றுக்கு ஐ.எஸ். 2645 என்ற தரநிலை உண்டு. பொருள் சேர்த்த மாதிரியையும் சேர்க்காத மாதிரியையும் ஆய்வகத்தில் ஒப்பிடுவது அதன் முறை.

1940களில் டென்மார்க்கில் தொடங்கிய படிக வகைப் பொருள்கள் வேறு வழியில் செயல்படுகின்றன. சிமென்ட்டிலுள்ள சுண்ணாம்போடும் ஈரத்தோடும் வினைபுரிந்து துளைகளிலும் மெல்லிய விரிசல்களிலும் படிகங்களை வளர்க்கின்றன. அமெரிக்கக் கான்கிரீட் கழகம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி, அழுத்தமில்லாத நீருக்கானவை, அழுத்தமுள்ள நீருக்கானவை என இப்பொருள்களை இரண்டாகப் பிரித்தது. படிக வகை இரண்டாவதில் சேர்கிறது. இந்தப் பிரிவு, எந்தப் பொருளும் எல்லா இடத்துக்கும் பொதுவல்ல என்பதை ஒப்புக்கொண்டது.

இங்கே ஐயங்கள் இரண்டு. ஒன்று, பொருள்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் வணிக ரகசியம் என்பதால், ஒரு தயாரிப்பின் சோதனை முடிவை மற்றொன்றுக்குப் பொருத்த முடிவதில்லை. மற்றொன்று, விரிசல் அடைபடத் தேவையான சூழல். ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், நீரில் மூழ்கிய மாதிரிகளில் விரிசல் நன்கு அடைபட்டது; காற்றின் ஈரம் மட்டும் போதவில்லை. நிலத்தடித் தொட்டிக்கு இது நல்ல செய்தி. ஆண்டில் பல மாதம் காய்ந்து கிடக்கும், விரிசல் தினமும் திறந்து மூடும் மாடிக்கு அதே பயன் கிடைக்கும் என்று கொள்ள ஆதாரம் குறைவு. கலவைப் பொருளால் பயனில்லை என்பது இதன் பொருளல்ல. ஊறுதலைக் குறைப்பதில் அது உதவலாம். அசையும் விரிசலுக்கு மருந்தாக அதை நம்புவது துணிச்சல்.

மேலடுக்கு வாதம்

கான்கிரீட் விரிசல் விடும் என்பதை ஏற்று, அதன் மேல் நெகிழும் அடுக்கு ஒன்றைப் போடுவது நான்காவது நிலைப்பாடு. இதன் வேர் மிகப் பழையது: மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் தார் பூசப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் தார் ஊறிய ஃபெல்ட் பரவியது. 1960களில் இத்தாலியில் பிளாஸ்டிக் சேர்த்த தார் விரிப்புகள் வந்தன. இன்று உருளையால் பூசும் அக்ரிலிக், பாலியூரித்தேன் பூச்சுகள் சந்தையை நிறைத்துள்ளன.

விரிசலைத் தாண்டி நீளக்கூடிய தன்மை இந்த அடுக்குகளின் தனிச்சிறப்பு. அசையும் விரிசலுக்கு நேரடியாக விடை சொல்வது இந்த நிலைப்பாடு ஒன்றுதான். ஆனால் பூச்சுகள் வெயிலில் வயதாகின்றன, நெகிழ்வு குறைகிறது. ஈரம் காயாத தளத்தின் மேல் பூசினால், அடியில் சிக்கிய நீர் வெயிலில் ஆவியாகிக் கொப்புளமாக எழும்புகிறது. டிஷ் ஆன்டெனாவுக்கும் சோலார் பலகைக்கும் அடிக்கும் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு துளை. அடுக்கு தளத்தோடு முழுதாக ஒட்டவில்லை என்றால், ஓரிடத்தில் புகுந்த நீர் அடியிலேயே பரவிச் சில மீட்டர் தள்ளிச் சொட்டும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

பெரும்பாலான தோல்விகள் நடுத்தளத்தில் இல்லாமல் ஓரங்களில் நிகழ்வதும் கவனிக்கத்தக்கது. கைப்பிடிச்சுவர் செங்கல், தளம் கான்கிரீட். இரண்டும் வெவ்வேறு அளவில் அசைவதால் சேரும் இடத்தில் நீளவாக்கில் விரிசல் விழுகிறது. பூச்சு அந்த மூலையில் செங்குத்தாக மடிந்தால் அங்கேயே கிழியும். மூலையைச் சாந்தால் சரிவாக வளைத்துப் பூசி, அடுக்கைச் சுவரில் சற்று உயரம் ஏற்றி, அதன் விளிம்பைச் சுவரில் வெட்டிய காடிக்குள் செருகி மூடினால் அது தாங்கும். விலையுயர்ந்த பொருளை வாங்கி இந்த வேலையை விட்டுவிடுவதும், மலிவான பொருளை வைத்து இதைச் சரியாகச் செய்வதும் கண்ணெதிரே நடக்கின்றன. இரண்டாவது பல நேரம் நீடித்து நிற்கிறது.

நீரை நிற்க விடாமல் அனுப்புவது

நிலத்தடிக் கட்டடங்களுக்கான பிரிட்டிஷ் தரநிலை பி.எஸ். 8102, பாதுகாப்பை மூன்றாக வகுக்கிறது: தடுப்பு அடுக்கு, கட்டுமானமே நீரைத் தடுப்பது, உள்ளே வந்த நீரை வடித்து வெளியேற்றுவது. 1990இல் வந்து 2009, 2022 ஆண்டுகளில் திருத்தப்பட்ட இந்தத் தரநிலை, தேவைக்கேற்ப இவற்றை இணைத்துப் பயன்படுத்தவும் இடம் தருகிறது. ஜெர்மனியில் தார் அடுக்கின்றிக் கான்கிரீட்டாலேயே நிலத்தடி நீரைத் தடுக்கும் முறை நன்கு வளர்ந்தது. அங்கே விரிசலின் அகலத்தைக் கம்பியால் கட்டுப்படுத்தி, மீதியைக் கான்கிரீட்டின் தானே அடையும் இயல்புக்கு விடுகிறார்கள். 1999இல் கரோலா எட்வர்ட்சன் வெளியிட்ட ஆய்வு, இந்த அடைப்புக்கு முதன்மைக் காரணம் விரிசலில் படியும் கால்சியம் கார்பனேட் என்று காட்டியது. நீர் தொடர்ந்து இருப்பதும் விரிசல் அசையாதிருப்பதும் இதற்குத் துணை. மாடியில் இரண்டும் அரிது.

மாடிக்கு நேராகப் பொருந்துவது மூன்றாவது வகையின் உள்ளெண்ணம்: நீர் நிற்காவிட்டால் நுழையவும் நேரமில்லை. நம் கொத்தனார்கள் 'வாட்டம்' என்று சொல்வது இதுதான். 100 அடிக்கு ஓர் அடி சரிவு காகிதத்தில் போதும். கையால் தேய்த்த தளத்தில் அது ஆங்காங்கே பள்ளமாகிவிடும். அதனால் சற்றுக் கூடுதலான வாட்டமும், போதிய எண்ணிக்கையில் மழைநீர்க் குழாய்களும், அவற்றின் வாயில் இலை தழை அடையாத பராமரிப்பும் தேவை. இதற்கும் வரம்பு உண்டு: அடைமழை நாட்களில் வாட்டமுள்ள தளமும் மணிக்கணக்கில் நனைந்தே இருக்கும். வாட்டம் சுமையைக் குறைக்கிறது. தடுப்பை அது தேவையற்றதாக்குவதில்லை.

மதிப்பீடு: தீர்ந்தவையும் தீராதவையும்

சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நீர் குறைந்த கலவை, வைப்ரேட்டரால் இறுக்குதல், பாத்தி கட்டி நீர் நிறுத்தி ஆற்றுதல் ஆகியவற்றுக்கு மாற்று எதுவும் இதுவரை இல்லை. ஆனால் அவை மட்டும் மாடிக்குப் போதாது. அசையும் விரிசலுக்கு நெகிழும் அடுக்கும், அந்த அடுக்குக்கு வெயிலிலிருந்து காப்பும், நீருக்கு வாட்டமும் வேண்டும். கலவைப் பொருள்கள் துணையாகலாம். தனித்து நிற்கும் தீர்வாக அவற்றை ஏற்கும் அளவுக்கு மாடிச் சூழலில் சான்று சேரவில்லை. சுண்ணாம்புத் தளத்தைப் பழமை என்று ஒதுக்குவதும், அதன் பெயரில் சிமென்ட் ஜல்லியைக் கொட்டுவதும் ஒரே அளவு தவறாகத் தோன்றுகின்றன.

தீராதவை பல. தினமும் திறந்து மூடும் விரிசலில், மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் சூழலில், படிகப் பொருள்கள் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்? நெகிழும் பூச்சுகள் நம் வெயிலில் எத்தனை ஆண்டு நெகிழ்வை இழக்காமல் இருக்கும்? நெகிழும் அடுக்கின் மேல் முறையான சுண்ணாம்புத் தளம் போட்டால், வெப்பக் காப்பும் நீர்த்தடுப்பும் சேர்ந்து கிடைக்குமா, அல்லது ஈரம் இடையில் சிக்குமா? ஆய்வக மாதிரிகளால் மட்டும் இவற்றுக்கு விடை காண்பது கடினம்.

விடைக்கான வழி நம்மிடமே இருக்கிறது. பொதுப்பணித் துறையும் வீட்டு வசதி வாரியமும் வெவ்வேறு பத்தாண்டுகளில் வெவ்வேறு முறைகளில் தளம் போட்ட கட்டடங்களைக் கட்டியிருக்கின்றன. எந்தத் தளத்தில் எந்த ஆண்டு என்ன போடப்பட்டது, முதல் ஒழுக்கு எப்போது, எந்த இடத்தில் வந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதை முறையாகத் தொகுத்து எல்லோரும் பார்க்கும்படி வைத்தால், விளம்பரங்களையும் உத்தரவாதச் சான்றிதழ்களையும் விட நம்பத்தக்க வழிகாட்டி கிடைக்கும். அதுவரை எந்த ஒரு விடையையும் முழு விடையாக ஏற்காமல், அது எந்த இடத்துக்காகப் பிறந்தது என்று கேட்டுப் பயன்படுத்துவதே வீட்டுக்காரருக்கும் பொறியாளருக்கும் பாதுகாப்பு.